மானியம் வாங்காதவளின் சிரிப்பு

ஐந்து லட்சம் ரூபாய்க்கான பெரிய அட்டைக் காசோலையைப் பிடித்துக்கொண்டு வாய் கொள்ளாமல் சிரித்த பெண், எதிர் நாற்காலியில் உதட்டை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சங்கமித்ரா செல்போன் திரையை ஒரு தடவை பார்த்தாள். எதிரே இருந்தவளை ஒரு தடவை பார்த்தாள். அதே அகலமான நெற்றி, அதே தாடை. சந்தேகமே இல்லை. திரையில் சிரித்தவளுக்குக் கீழே தமிழிலும் கன்னடத்திலும் கொட்டை எழுத்துகள் ஓடின. 'மக்கள் மலர்ச்சி மானியத் திட்டம். திருப்பிக் கட்ட வேண்டாம். ஜாமீன் வேண்டாம். நான் வாங்கிவிட்டேன். நீங்கள்?'

"இது நீங்கதானே, குளோரியா?"

"மூஞ்சி என்னுதுதான் மேடம். செக்கு என்னுது இல்ல. ஒரு பைசா நான் வாங்கல."

"வாங்கின மாதிரி சிரிக்கிறீங்களேம்மா" என்றார் ஜன்னலோரம் நின்றிருந்த உத்தமன்.

உத்தமன் சங்கமித்ராவின் உதவியாளர். வயது ஐம்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. முன்பு இன்ஷூரன்ஸ் ஏஜென்டாக இருந்தவர். செத்தால் எவ்வளவு கிடைக்கும் என்று உயிரோடு இருப்பவர்களிடம் சிரித்த முகமாகப் பேசிப் பழகிய நாக்கு. துப்பறியும் வேலைக்கு வந்த பிறகும் அது அடங்கவில்லை.

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் ஒரு காபிப்பொடிக் கடையின் மாடியில் இருந்தது அலுவலகம். கீழே கொட்டை வறுக்கும்போதெல்லாம் மேலே வருகிற கட்சிக்காரர்கள் பாதிக் கவலையை மறந்துவிடுவார்கள். குளோரியாவுக்கு அந்த வாசனை எட்டியதாகவே தெரியவில்லை. மர்பி டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். அல்சூரில் பி.ஜி. என்கிற பெண்கள் விடுதி ஒன்றில் சமையல் வேலை. நாற்பது பெண்களுக்குச் சப்பாத்தி போடுகிற கை, மடியில் சும்மா கிடந்தது.

"மொதல்ல எல்லாரும் வந்து சந்தோஷப்பட்டாங்கோ" என்றாள். "அப்பறம் கடன் கேட்டாங்கோ. இல்லன்னேன். யாரும் நம்பல. கே.ஜி.எஃப்.ல இருக்கிற அண்ணன் பங்கு கேட்டான். இல்லன்னதும் என் நம்பரையே பிளாக் பண்ணிட்டான். எங்க லேன்ல நெறைய பேரு என் மூஞ்சிய நம்பி அந்த நம்பருக்குப் போன் போட்டு, பதிவுக் கட்டணம்னு கட்டிட்டு உக்காந்திருக்காங்கோ. எதிர்வீட்டு முனிராஜ் ஆட்டோ ஓட்டறவரு, அவரு ரெண்டு தபா கட்டினாரு. ஒருத்தருக்கும் ஒண்ணும் வரல. இப்ப நான்தான் அந்தக் கும்பலோட ஏஜென்டுன்னு பேச்சு. தண்ணி பிடிக்கப் போனா அத்தனை பேரும் வாய மூடிக்கிறாங்கோ. திங்கக்கிழமை சேர்ந்து போயி என் மேல கம்ப்ளெயின்ட் கொடுக்கப் போறாங்களாம்."

"வீட்டுல யார் இருக்காங்க?"

"இப்போ தனியாத்தான்."

சங்கமித்ரா படத்தை விரலால் இழுத்துப் பெரிதாக்கினாள். குளோரியாவுக்குப் பின்னால் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கள். காசோலை பிறகு ஒட்டவைத்தது. பிடித்திருந்த விரல்கள் வேறு யாருடையவையோ. அதைக் கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் தேவையில்லை. அவள் பார்த்தது முந்தானையை.

"புடவை முந்தானை வலது தோள்ல இருக்கு. நீங்க இடது தோள்லதானே போட்டிருக்கீங்க?"

குளோரியா தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"படம் இடம் வலம் மாறியிருக்கு. கண்ணாடி மாதிரி. அப்படின்னா இது முன் கேமராவுல எடுத்த செல்ஃபி. நீங்க நேரா லென்ஸைப் பார்க்கல, கொஞ்சம் தள்ளிப் பார்க்கறீங்க. போனைப் பிடிச்சிருந்தது நீங்க இல்ல, பக்கத்துல ஒட்டி நின்னவங்க."

உத்தமன் எட்டிப் பார்த்தார். "பக்கத்துல அரசாங்கச் சிங்க முத்திரைதான் இருக்கு மேடம். சிங்கம் செல்ஃபி எடுக்குமா?"

"ஆளை மறைக்கத்தான் முத்திரையை அங்க ஒட்டியிருக்கான். ஆனா தோள்ல பாருங்க."

குளோரியாவின் தோளை அணைத்தபடி நான்கு விரல் நுனிகள் தெரிந்தன. சுண்டுவிரல் மட்டும் மற்றதோடு சேராமல் வெளிப்பக்கம் வளைந்திருந்தது.

"எங்க எடுத்தது இது?"

"லால்பாக்ல, பூக்காட்சி" என்றாள் குளோரியா.

"யார் கூடப் போனீங்க?"

"கூட்டமா இருந்தது மேடம்."

கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. சங்கமித்ரா துருவவில்லை. குளோரியா எழுந்து, கதவு வரை போய்த் திரும்பினாள்.

"கண்டுபிடிச்சா, அவங்க இருக்கிற எடத்த எனக்குச் சொல்லுவீங்களா மேடம்?"

"சொல்வேன்."

அவள் படியிறங்கிப் போன பிறகும் அந்தக் கேள்வி சங்கமித்ராவின் காதில் நின்றது. ஏமாற்றப்பட்டவர்கள் உள்ளே தள்ளுங்கள் என்பார்கள், பணத்தைப் பிடுங்குங்கள் என்பார்கள். இவள் இடத்தை மட்டும் கேட்டாள்.

"நம்பரைப் போடுங்க உத்தமன்."

"இன்னிக்கு ரெண்டாம் சனிக்கிழமை மேடம். அரசாங்க ஆபீஸ்ல ஃபேன்கூடச் சுத்தாது."

"அதனாலதான் போடச் சொல்றேன். இன்னிக்கு எடுத்தாங்கன்னா, அது அரசாங்கம் இல்ல."

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள். உத்தமன் ஸ்பீக்கரில் போட்டு, குரலைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டார்.

"வணக்கம் சார், மலர்ச்சி மானிய அலுவலகம்." ஒரு பெண்ணின் குரல். இளமையானது இல்லை. "நீங்க ஏற்கெனவே தேர்வாகிட்டீங்க சார்."

"நான் இன்னும் பேரையே சொல்லலையேம்மா."

"போன் நம்பரை வெச்சே தேர்வு பண்ணிடுவாங்க சார்."

"பரீட்சை எழுதாமலே பாஸ். எங்கப்பா இருந்திருந்தா கண்ணால பார்த்திருப்பார். பேரு பாலசுப்ரமணியன். பணத்தை எதுக்கும்மா செலவு பண்ணணும்?"

"எதுக்கு வேணும்னாலும் பண்ணலாம் சார். வீடு ரிப்பேர், கல்யாணம், பழைய கடன். யாரும் கணக்குக் கேக்க மாட்டாங்க. பதிவுக் கட்டணம் மட்டும் முன்னாடி கட்டணும். அதுவும் மானியத்தோட சேர்ந்து திரும்ப வந்துடும். ஆனா வெளியில சொல்லக் கூடாது சார். சொன்னா ஃபைல் ரத்தாயிடும்."

"அவங்க கொடுக்கற பணத்துலயே கட்டணத்தைக் கழிச்சிட்டு மீதியக் கொடுத்தா என்ன?"

"அது ரூல்ஸ் இல்ல சார்."

"ஆபீஸ் எங்க இருக்கு?"

"விதான சௌதா பக்கத்துல. சட்டசபைக்கு எதிர்ல."

அவள் பேச்சுக்குப் பின்னால் ஒரே இரைச்சல். பஸ் உறுமல், ஆட்கள் கூவுகிற சத்தம். சங்கமித்ரா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"சார் தனியாவா இருக்கீங்க?" என்று கேட்டது குரல்.

உத்தமன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் மனைவி போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. "ஆமாம்மா" என்றார்.

"மாத்திரையெல்லாம் கைக்கு எட்டற எடத்துல வெச்சுக்குங்க சார். ராத்திரி எழுந்து தேடாதீங்க." அதைச் சொன்ன கையோடு அவசரமாக, "கட்டணத்துக்கு லிங்க் அனுப்பறேன்" என்று சேர்த்துக்கொண்டாள்.

உத்தமன் போனை வைத்தார். "திருடங்க இவ்வளவு நல்லா விசாரிச்சா, நல்லவங்க பொழைக்கறது கஷ்டம் மேடம்."

"பின்னாடி என்ன கேட்டுச்சு?"

"ஒருத்தன் ஓசூர் ஓசூர்னு கத்தினான். இன்னொருத்தன் சந்தாபுரா, எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, மெஜஸ்டிக்."

"கண்டக்டர் தாண்டி வந்த ஊரைக் கூவ மாட்டான். மொதல்ல கூவறது அடுத்து வரப்போற பெரிய ஊர். மெஜஸ்டிக் போற பஸ்ஸுக்கு சந்தாபுரா இனிமேதான் வரணும். அப்போ அந்த ஆபீஸ் சந்தாபுராவுக்கு அந்தப் பக்கம். ஓசூரும் இன்னும் வரல. ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு பக்க பஸ்ஸும் நின்னு ஆள் ஏத்தற ஊர் எது?"

"அத்திபெலே" என்றார் உத்தமன். "விதான சௌதாவை எப்ப மேடம் அங்க மாத்தினாங்க?"

சம்பிகே ரோட்டில் பச்சை வழி மெட்ரோ ஏறி, ஆர்.வி. ரோட்டில் மஞ்சள் வழிக்கு மாறினார்கள். பெட்டி நிறைய ஆட்கள். ஒவ்வொருவர் காதிலும் ஏதோ ஒன்று செருகியிருந்தது. ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. சங்கமித்ரா எதிர்க் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். நாற்பத்து மூன்று வயது. எத்தனையோ கல்யாண விசாரணைகள், ஓடிப்போன கணவன்கள், காணாமல்போன பங்காளிகள். எல்லாரையும் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறாள். இன்று அவளே வீடு திரும்பாவிட்டால் நாளை மாலை வரை தேட ஆள் இல்லை. அதை ஒரு கணக்குப்போல நினைத்துவிட்டு ஒதுக்கி வைத்தாள்.

பொம்மசந்திராவில் இறங்கி பஸ் பிடித்து அத்திபெலே வந்தபோது மதிய வெயில் ஏறியிருந்தது. பஸ் நிறுத்தத்தைச் சுற்றி நாலு பக்கமும் மாடிக் கட்டடங்கள். லாட்ஜ், டயர்க் கடை, மெத்தைக் கடை, ஜெராக்ஸ். எந்த மாடியிலும் சிங்க முத்திரை இல்லை.

"கதவு கதவாத் தட்டலாமா மேடம்?"

"அவங்களே கையைக் காட்டுவாங்க. போனைப் போட்டுப் பேசிட்டே இருங்க."

உத்தமன் பாலசுப்ரமணியனாக மாறி, லிங்க் திறக்கவில்லை என்று புலம்ப ஆரம்பித்தார். சங்கமித்ரா நின்றிருந்த ஆட்டோக்காரரிடம் போய், ஹாரனை விடாமல் ஒரு நிமிஷம் அடிக்க முடியுமா என்று கன்னடத்தில் கேட்டாள். எதற்கு என்று கேட்காமல் ஒருவரைச் சந்தோஷப்படுத்த அவருக்கும் ஆசை இருந்திருக்க வேண்டும். அழுத்திப் பிடித்தார். ஊரே திரும்பிப் பார்த்தது.

"சார், கொஞ்சம் இருங்க, வெளியில ஒரே சத்தம்" என்றது போன்.

மெத்தைக் கடைக்கு மேலே ஒரு கை வந்து ஜன்னலை இழுத்துச் சாத்தியது.

"போதும்ணா" என்றாள் சங்கமித்ரா ஆட்டோக்காரரிடம்.

குறுகலான படிக்கட்டு. உத்தமனை அதன் பாதியில் நிறுத்தினாள். "யாராவது மேல வந்தா?"

"பாலிசி போடாம யாரும் என்னைத் தாண்டிப் போனதில்ல மேடம்."

மேலே ஒரே அறை. சுவரில் சிங்க முத்திரை, நீள மேஜையில் ஐந்து போன்கள், ஒரே ஒரு ஆள். மேஜைக்குப் பின்னால் இருந்தவளுக்கு ஐம்பதை நெருங்கும் வயது. வெளுத்த பருத்திப் புடவை. அறையின் கோடியில் திரை விலகி இருந்தது. அதற்குப் பின்னால் சுருட்டிய பாய், ஒரு ஸ்டவ், கொடியில் ஒரு துண்டு. வேலை பார்க்கிற இடத்திலேயே அவள் வசித்தாள்.

"சொல்லுங்க மேடம். மானியத்துக்கா?"

அவள் பேனாவை எடுத்தாள். சுண்டுவிரல் மற்ற விரல்களோடு சேராமல் தனியே வளைந்து நின்றது.

"லால்பாக்ல குளோரியா தோள்ல இருந்தது இந்த விரல்தானே?" என்றாள் சங்கமித்ரா.

பேனா விழுந்தது. அவள் கையை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். ஓடப் பார்க்கவில்லை. யார் நீ என்று கேட்கவில்லை.

"எப்படி இருக்கா?" என்றாள்.

அவள் பெயர் மரியா. மர்பி டவுனில் ஒற்றை அறை வீடு, ஒரே பி.ஜி.யில் சமையல், குளோரியாவோடு பத்து வருஷத்துக்கு மேல். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அவளுக்கு இவள், இவளுக்கு அவள் என்று ஓடிக்கொண்டிருந்த நாட்கள்.

"சொந்தமா ஒரு மெஸ் வெக்கணும்னு ரெண்டு பேருக்கும் ஆசை மேடம். அரசாங்கம் சும்மா பணம் கொடுக்குதுன்னு போன்ல வந்தது. கட்டினேன். அப்பறம் பரிசீலனைக் கட்டணம், முத்திரைக் கட்டணம், ஏதேதோ. மெஸ்ஸுக்காகச் சேர்த்து வெச்சது அத்தனையும் போச்சு. அவளுதும் அதுல இருந்தது. எப்படி அவ மூஞ்சியப் பார்க்கறது? அவ வேலைக்குப் போன நேரமாப் பார்த்து வெளியில வந்துட்டேன்."

"நேரா இங்கயா?"

"போன்ல கெஞ்சி விலாசத்த வாங்கி, பணத்தக் கேக்கத்தான் வந்தேன். அபினவ் சார்தான் இங்க எல்லாம். ஃபைல் மேலிடத்துல நிக்குது, நாலு பேரச் சேர்த்து விட்டா தானா நகரும்னார். உக்காந்தேன். ரெண்டு வருஷமாச்சு."

"சம்பளம்?"

"மானியம் வந்ததும் சேர்த்துத் தர்றேன்னு சொல்லியிருக்கார்."

சங்கமித்ரா நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"மரியா, அரசாங்கம் மானியம் கொடுக்குது. இல்லைன்னு சொல்ல மாட்டேன். தொழில் தொடங்க பேங்க்ல கடன் எடுத்தா, சில திட்டங்கள்ல அந்தக் கடன்ல ஒரு பங்கை அது ஏத்துக்கும். மீதிய நாமதான் கட்டணும். அதுக்கும் நாமளே தேடிப் போகணும், ஆபீஸ் ஆபீஸா நிக்கணும். நீ தேர்வாகிட்டேன்னு அது போன் பண்ணாது. கொடுக்கறதுக்கு முன்னாடி எவனோ ஒருத்தன் கணக்குல பணம் போடுன்னு சொல்லாது. வெளியில சொல்லாதேன்னும் சொல்லாது. ஒரு ரூபா கொடுத்தாலும் எதுக்குச் செலவு பண்ணினேன்னு கேக்காம விடாது."

"தெரியும் மேடம்."

"எப்போலேர்ந்து?"

"வந்து ரெண்டு மாசத்துலயே தெரிஞ்சிடுச்சு." மரியா மேஜையின் விளிம்பைத் தடவினாள். "தெரிஞ்சுடுச்சுன்னு ஒத்துக்கிட்டா எழுந்து போகணும். எங்க போறது? அதனால தெரியாத மாதிரியே இருந்துட்டேன். போன்ல பேசறவங்களும் பாதிப் பேரு தனி ஆளுங்கதான். பணத்தப் பத்திக் கொஞ்சம் பேசுவாங்க, அப்பறம் கால் வலி, மழை, மகன் போன் பண்ணாதது. நானும் பேசுவேன். பேசிட்டே கடைசியில லிங்க் அனுப்பிடுவேன். அது பாவம்னு தெரியும்."

"படத்தை ஏன் கொடுத்தீங்க?"

"ரெண்டு பேருக்கும் சேர்த்து மனு கொடுத்தப்ப அனுப்பினது மேடம். அதுல நானும் இருக்கேன். சார் என்ன வெட்டிட்டார். ஒரு பொம்பளை தனியா இருந்தா விதவைன்னு பாவப்பட்டு நம்புவாங்க, ரெண்டு பொம்பளை இருந்தா யாரு எவருன்னு யோசிப்பாங்கன்னார். அவ மூஞ்சி வேணாம் சார்னு கெஞ்சினேன். கேக்கல."

"அந்த முகத்தால குளோரியா இப்ப ஊர் வாயில விழுந்து கிடக்கறாங்க. படத்தைத் திருடினது யாருன்னு தெரியாம என்கிட்ட வந்தாங்க."

மரியா நிமிர்ந்தாள். "தெரியாமலா? அவளுக்குத் தெரியுமே மேடம். அந்தப் படம் என் போன்ல மட்டும்தான் இருந்தது. அவளுக்குக்கூட நான் அனுப்பினதில்ல. பார்த்ததுமே அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்."

கீழே ஓசூர் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு நகர்ந்தது. முந்தானையைப் பார்த்து, விரலைப் பார்த்து, கண்டக்டர் குரலைக் கேட்டு சங்கமித்ரா கெட்டிக்காரத்தனமாகத் தேடி அடைந்த பதிலை, கேள்வி கேட்டவள் வரும்போதே கையில் வைத்திருந்தாள். குளோரியா தேடச் சொன்னது திருடனை இல்லை.

சங்கமித்ரா தன் போனை எடுத்து குளோரியாவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தாள்.

"படம் எடுத்தவங்க யாருன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும், இல்லையா?"

அந்தப் பக்கம் எங்கோ குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"அவ போன அன்னிக்கே ஸ்டேஷனுக்குப் போனேன் மேடம்" என்றாள் குளோரியா. "காணாமப்போனவங்க உங்களுக்கு என்ன வேணும்னு கேட்டாங்கோ. ஃபிரெண்டுன்னேன். ஃபேமிலிய வரச் சொல்லும்மான்னாங்கோ. அவளுக்கு ஃபேமிலின்னு யாரு இருக்காங்கோ? உங்ககிட்டயும் ஃபிரெண்டத் தேடுங்கன்னு வந்து நின்னா சிரிப்பீங்கன்னு நெனச்சேன். ஏமாத்து கேஸ்னா தேடுவீங்கன்னு தோணுச்சு. கிடைச்சுட்டாளா?"

"கிடைச்சுட்டாங்க."

"நல்லா இருக்காளா? ஒடம்பு எப்படி இருக்குது?"

மரியா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"இருக்காங்க. ஆனா இங்க நடந்தத இவங்க போலீஸ்ல சொல்லணும். சொன்னாத்தான் திங்கட்கிழமை உங்க மேல வர்ற புகார் நிக்காது."

"வேணாம் மேடம்." குளோரியாவின் குரல் முதன்முறையாக உயர்ந்தது. "யாருன்னு தெரியலன்னு சொல்லி கேஸ முடிச்சிடுங்கோ. அவள உள்ள வெச்சிடுவாங்கோ. என் பேரு கெட்டா கெட்டுட்டுப் போவட்டும், அது கெட்டு எத்தனையோ நாளாச்சு. நான் வேற வீடு பார்த்துக்கறேன். அவ எந்த ஊர்ல இருக்கான்னு மட்டும் சொல்லுங்கோ."

கட்சிக்காரி சொன்னால் கேஸ் முடிந்தது. அதுதான் தொழில் வழக்கம். ஆனால் மேஜையில் ஐந்து போன்கள் இருந்தன. அதில் ஒன்று அந்த நேரம் பார்த்து அடித்தது.

மரியா எடுத்தாள். பழகிய குரல் தானாக வந்தது. "வணக்கம், மலர்ச்சி மானிய அலுவலகம்." அந்தப் பக்கம் யாரோ ஒரு கிழவர் எதையோ கேட்டார். லிங்க் வந்துவிட்டது, எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்று கேட்டிருக்க வேண்டும். மரியா சங்கமித்ராவின் போனைப் பார்த்தாள். அதில் குளோரியாவின் இணைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை.

"ஐயா, எங்கயும் அழுத்தாதீங்க" என்றாள். "இது அரசாங்கம் இல்ல. நாங்க பொய் சொல்றோம். பணத்த பத்திரமா வெச்சுக்குங்க."

ரிசீவரை வைத்தாள். உடனே மறுபடியும் எடுத்து 1930-க்கு அழைத்தாள். சைபர் மோசடிப் புகாருக்கான எண். இரண்டு வருஷமாக அந்த எண்ணை யாரும் கூப்பிட்டுவிடக் கூடாது என்று பயந்து பயந்தே மனப்பாடம் ஆகியிருந்தது. தன் பெயரைச் சொன்னாள். விலாசத்தைச் சொன்னாள். இங்கே என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "ஏமாத்தற வேலை" என்றாள்.

"மரியா" என்றது மேஜை மேலிருந்த போன். "ஏண்டி இப்படிப் பண்றே?"

மரியா அழுதுகொண்டிருந்தாள்.

போலீஸ் ஜீப் வருவதற்கு முன்னால் அபினவ் வந்துவிட்டான். இருபத்தெட்டு வயது, கையில் ஹெல்மெட்டும் பிரியாணிப் பொட்டலமும். படிக்கட்டின் பாதியில் அகலமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, ஒரு நிமிஷம். திடீர்னு உங்களுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா வீட்டுல இருக்கறவங்க கதி என்னன்னு என்னிக்காவது யோசிச்சிருக்கீங்களா?"

நகருங்கள் என்றான். உத்தமன் நகர்ந்தார், அவன் நகர்கிற பக்கமெல்லாம். டெர்ம் பாலிசியிலிருந்து பென்ஷன் பாலிசிக்கு வந்தபோது கீழிருந்து இரண்டு கான்ஸ்டபிள்கள் ஏறிவந்தார்கள். "இனிமே உங்க சாப்பாடு, இருப்பிடம் எல்லாம் அரசாங்கச் செலவு தம்பி" என்றார் உத்தமன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு. "பதிவுக் கட்டணம் கிடையாது."

ஸ்டேஷனில் மரியாவின் வாக்குமூலம் முடிய நேரமானது. சப்-இன்ஸ்பெக்டர் ஒரு பெண். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். தானாக முன்வந்து சொன்னதை எழுதுகிறேன், மற்றது கோர்ட் கையில் என்றார். மர்பி டவுன் ஸ்டேஷனுக்கும் அவரே பேசினார். குளோரியா மேல் இனி புகார் வந்தாலும் அவள் சாட்சிதான், குற்றவாளி இல்லை. கட்டியவர்களின் பணம் திரும்புமா என்று சங்கமித்ரா கேட்டாள். கணக்கை முடக்கியிருக்கிறோம், அதில் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான் என்றார்.

இருட்டும் நேரத்தில் குளோரியா வந்துசேர்ந்தாள். சங்கமித்ரா ஊர்ப் பெயரைச் சொல்லியிருந்தாள். சொல்வதாக ஒப்புக்கொண்டிருந்தாள் அல்லவா. வேலை உடுப்போடு, ஓட்டமும் நடையுமாக வந்தவள் ஸ்டேஷன் வாசற்படியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். வெளியே வேப்பமரத்தடியில் கிடந்த பெஞ்சில் சங்கமித்ராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உள்ள போகலையா?"

"என்னப் பார்த்தா அவளுக்கு வெக்கமா இருக்கும் மேடம். இங்கயே உக்காந்திருக்கேன். இங்க இருக்கான்னு தெரிஞ்சா போதும்."

உத்தமன் எங்கிருந்தோ மூன்று டீ வாங்கிவந்தார். ஆச்சரியமாக, கூடவே எந்தக் கிண்டலும் வரவில்லை. நெடுஞ்சாலையில் லாரிகள் எல்லை தாண்டப் போய்க்கொண்டே இருந்தன. கடைசி மெட்ரோவைப் பிடிக்க வேண்டுமானால் கிளம்ப வேண்டிய நேரம். சங்கமித்ரா எழவில்லை. மல்லேஸ்வரத்தில் அவளுக்காக விளக்குப் போட்டு வைத்திருப்பவர் யாருமில்லை. இந்த பெஞ்சில் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம்.

"உங்க மேல அவங்களுக்குக் கோபம் இருக்கும்னு நினைக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

"எம்மேல எதுக்கு? எனக்குத்தான் கோவம். பணத்துக்கு இல்ல. சொல்லாம போனதுக்கு." குளோரியா டீயைக் குடிக்காமல் டம்ளரைக் கையில் உருட்டினாள். "ரெண்டு வருஷம் மேடம். ரெண்டு பேருக்குப் பொங்கிப் பழகின கை. தெனம் மிச்சமாச்சு."

உள்ளே மரியா இருமினாள். ஒரு தடவை, பிறகு அடக்க முடியாமல் தொடர்ந்து.

குளோரியாவின் தலை அந்தப் பக்கம் திரும்பியது.

"அவளுக்கு நேர் காத்து ஆவாது" என்றாள் யாரிடமும் இல்லாமல். "ஃபேனுக்கு நேரா உக்கார வெச்சிருப்பாங்கோ."

டம்ளரை பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படியேறி உள்ளே போனாள். கான்ஸ்டபிள் ஏதோ கேட்டது வெளியே காதில் விழுந்தது. அவள் சொன்ன பதில் விழவில்லை.

சற்றைக்கெல்லாம் உள்ளே கடகடத்துக்கொண்டிருந்த ஃபேன் மெதுவாகி, நின்றது.